36க்கு முன்னால்

22 ஒக்டோபர் 2020, வியாழன், வெள்ளவத்தை

அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. ஆதரவு 156, எதிர்ப்பு 65. பகல் முழுக்க அதன் சுருக்கத்தைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். நீதியரசர்களையும் ஆணைக்குழுக்களையும் இனி ஜனாதிபதியே நியமிப்பார். இந்த நியமனங்களுக்கு ஒப்புதல் தந்த அரசியலமைப்புப் பேரவை போய்ப் பாராளுமன்றப் பேரவை வருகிறது. அது 'அவதானிப்பு' மட்டும் தெரிவிக்கலாம். எவ்வளவு மரியாதையான சொல்!

இரட்டைக் குடியுரிமைக்காரரும் பாராளுமன்றம் போகலாமாம். கனடாவின் ஸ்காபரோவிலிருந்து அண்ணா அனுப்பிய குடிவரவுப் படிவம் இரண்டு மாதமாக வட்ஸ்அப்பில் கிடக்கிறது.

1 நவம்பர், ஞாயிறு

ஊரடங்கு. வேறு வேலை இல்லை, கணக்குப் பார்த்தேன். கனடாவின் திறன்சார் தொழிலாளர் திட்டத்தில் 100க்கு 67 எடுக்கவேண்டும். 35 வயது வரை வயதுக்கு 12 புள்ளி, 36 என்றால் 11. எனக்கு ஜனவரியில் 36. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் புள்ளி உண்டு. பன்னிரண்டு வருசம் எனக்குச் சோறு போட்ட சிங்களத்துக்கு ஒன்றும் இல்லை.

14 டிசம்பர், திங்கள்

கொரோனாவால் இறந்தால் எரிக்கத்தான் வேண்டும் என்பது அரசின் உத்தரவு. பிறந்து 20 நாளேயான முஸ்லிம் குழந்தையொன்றை, பெற்றோர் சம்மதிக்காமலேயே, 9ஆம் திகதி எரித்துவிட்டார்கள். எதிர்ப்பைக் காட்டப் பொரளை மயானக் கதவில் சனம் வெள்ளைத்துணி கட்டுகிறது. கட்டினதை இரவோடிரவாக யாரோ கழற்றியும் விட்டார்களாம். கொரோனாவால் இறந்தவரைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

நான் மொழிபெயர்த்த அறிக்கையில் 'கட்டாயத் தகனம்' என்று இருந்தது. "அந்த முதற்சொல் தேவையா?" என்று கேட்டார் பொறுப்பாளர். குரல் உயர்த்தவில்லை, மிரட்டவும் இல்லை. இரண்டு விநாடியில் அழித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கை நடுங்கியது. யாரும் வெருட்டாமலே நான் பழகிவிட்டேன்.

27 டிசம்பர், ஞாயிறு

அம்மாவிடம் விசயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் அலுமாரியிலிருந்து அப்பாவின் பழுப்பு உறையை எடுத்து வந்தா. போர்க்காலத்துப் பொலிஸ் பதிவு. வீட்டில் யார் யார், எந்த ஊர், எப்போது கொழும்புக்கு வந்தோம், எல்லாம் அப்பாவின் கையெழுத்தில். 2007 ஜூன் 7 அன்று லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அந்த ஒரு நாள் முழுக்க அப்பா இந்த உறையை மடியிலேயே வைத்திருந்தாராம்.

"அப்பவே நாங்க போகேல்ல. இப்ப ஏன் பிள்ளை?"

அப்போது தடுக்க ஒரு நீதிமன்றம் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நித்திரைக்குப் போகும்போது அவவே சொன்னா: "என்னைப் பாத்து நிக்காத."

12 ஜனவரி 2021, செவ்வாய்

யாழ் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 8ஆம் திகதி இரவு இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். நேற்று விடிய, துணைவேந்தரே வந்து திரும்பக் கட்ட அடிக்கல் வைத்தார்.

அம்மா ரீவியைக் காட்டி "பாத்தியே?" என்றா. இடித்ததைச் சொன்னாவா, கல் வைத்ததைச் சொன்னாவா, நான் கேட்கவில்லை.

19 ஜனவரி, செவ்வாய்

இன்று 36. புள்ளி 11. ஆனாலும் ஆங்கிலச் சோதனைக்குக் காசு கட்டிவிட்டேன். போவதா என்று கேட்டால் இன்னும் பதில் இல்லை.

மதியம் வந்த அறிக்கையில் மறுபடியும் அதே 'கட்டாயத் தகனம்'. இரண்டு சொல்லையும் அப்படியே விட்டு அனுப்பினேன். பொறுப்பாளர் இன்னும் திறந்து பார்க்கவில்லை.