கிள்ளினால் முளைக்கும்

பாம்பன் தீவின் குந்துகாலிலிருந்து பார்த்தால் குருசடைத் தீவு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். காலையில் காற்று கிளம்பும் முன் வல்லம் ஏறிவிட்டால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதே தூரத்துக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். வேலையில் சேர்ந்த புதிதில் என் கையில் கொடுத்தவை மூன்று பொருட்கள்: பிவிசி குழாயை ஒட்டிச் செய்த ஒரு மீட்டர் சதுரச் சட்டம், நீருக்கடியில் எழுத ஒரு பிளாஸ்டிக் அட்டை, கயிற்றில் கட்டிய பென்சில். பவளத்தின்மேல் சட்டத்தை வைத்து, உள்ளே எத்தனை பங்கு பவளம், எத்தனை பங்கு பாசி என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வீட்டில் அம்மா உறவுக்காரர்களிடம் 'கடல் ஆபீஸ்' என்று சொல்லிவைத்திருந்தார்.

அந்தப் பாசியின் பெயர் கப்பாபைகஸ். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடல்களைச் சேர்ந்தது. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் கராஜீனன் அதிலிருந்துதான் வருகிறது. தொண்ணூறுகளில் மண்டபம் ஊரில் ஆராய்ச்சிக்காக வளர்த்தார்கள். 2000க்குப் பிறகு பெப்சி நிறுவனம் வளர்ப்பில் இறங்கியதால் ஊரில் இன்றைக்கும் அது 'பெப்சி பாசி'தான். மூங்கில் மிதவையில் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. பாக் விரிகுடாக் கரையில் நிறையப் பெண்களுக்கு அது கையில் காசு. தானாகப் பரவாது, மீன்கள் மேய்ந்துவிடும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 2008இல், குருசடையின் பவளங்கள்மேல் அது படர்ந்திருப்பதை மதுரையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கட்டுரையாக வெளியிட்டார்கள். குருசடை உட்பட மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986லேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. காவல் படகு மனிதர்களைத்தான் நிறுத்தும், பாசியை எப்படி நிறுத்துவது?

முதன்முதலாக அதைத் தொட்டது நன்றாக நினைவிருக்கிறது. மான்கொம்புப் பவளத்தின் கிளைகளுக்கு நடுவே பச்சையும் பழுப்புமாக ஒரு மெத்தை. வழுவழுவென்று, அதே சமயம் குருத்தெலும்பு மாதிரி உறுதியாக இருந்தது. ஓரத்தில் விரலை நுழைத்துத் தூக்கினேன். மேலே உயிரோடு இருந்த பாசிக்கு அடியில் பவளம் வெளுத்து, சில இடங்களில் சாம்பல் பூத்து, அதன்மேல் மெல்லிய சேறு. வெளிச்சம் இல்லை, நீரோட்டம் இல்லை; மூச்சு முட்டித்தான் செத்திருக்கிறது. மெத்தை எட்டாத கிளை நுனிகளில் மட்டும் பழைய நிறம். தூக்கிய இடத்திலேயே பாசி 'டக்'கென்று முறிந்து, ஒரு துண்டு என் முகக்கண்ணாடியை உரசிக்கொண்டு பின்னால் போனது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தத் துண்டைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பருவத்தில் அகற்றும் வேலையும் நடந்தது. முக்குளித்துக் கையால் பிடுங்கி, வலைப்பையில் போட்டு, வல்லத்தில் ஏற்ற வேண்டும். பை வாங்கியது நான். வெங்காய மூட்டை மாதிரிப் பெரிய கண் வைத்த பை. தண்ணீர் சீக்கிரம் வடியும் என்று பெருமையாக வாங்கினேன். மாலையில் எடை போட்டு 'அகற்றியது, கிலோ' என்ற கட்டத்தில் எழுதுவோம். எண் ஏற ஏற எல்லோருக்கும் சந்தோஷம். சில வாரம் கழித்து, பையை இழுத்துவந்த வழியிலேயே, சட்டம் வைத்தபோது பாசியே இல்லாத இரண்டு இடங்களில் விரல் நீளத்துக்குப் புதுக் குருத்துகள்.

கரையில் இதைச் சொல்லி நான் முழித்துக்கொண்டிருந்தபோது, மிதவை கட்டும் அக்கா ஒருவர் சிரித்தார். "தம்பி, நாங்க எப்புடி நடுறோம்னு நெனக்கிறீக? விதையா போடுறோம்? கிள்ளி கிள்ளித்தானே கயித்துல கட்டுறோம். நீங்களும் அதத்தான் செஞ்சிருக்கீக, கூலி இல்லாம." ஒரு கொத்தை எடுத்து, கட்டைவிரல் அளவுக்கு முறித்து, கயிற்றின் முறுக்கில் செருகிக் காட்டினார். ஒரு துண்டுக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. துண்டு முளைக்கும் என்பதை நான் எத்தனையோ கட்டுரைகளில் படித்திருந்தேன். படித்தும் அந்தப் பையை வாங்கியிருந்தேன்.

இந்த அக்கா முன்பு தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுத்தவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலடிப் பாரில், அதாவது பாறைத் திட்டில், முக்குளித்த கை அது. தீவுக்குப் போகக் கூடாது என்று தடுத்த பிறகு, மாற்றுத் தொழில் என்று கொடுக்கப்பட்டது இந்தப் பெப்சி பாசி. ஊர்ப்பாசி எடுத்தால் குற்றம், வெளிநாட்டுப் பாசி வளர்த்தால் மானியம். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. வளர்ப்பை மன்னார் வளைகுடாவுக்குள் விடாமல் எல்லை வகுத்து 2005இல் அரசாணை வந்தது, சரி. ஆனால் வாடைக்காலத்தில், பாக் விரிகுடாவையும் மன்னார் வளைகுடாவையும் இணைக்கும் பாம்பன் கால்வாய் வழியாக நீர் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது எந்த மீனவரைக் கேட்டாலும் தெரியும்.

ஹவாயின் கனயோஹே விரிகுடாவில் இதே பாசிக் குடும்பம் எழுபதுகளில் ஒரு சிறு தீவிலிருந்து கிளம்பிப் பரவியது. அங்கே தெப்பத்தில் ராட்சத உறிஞ்சிக் குழாயை ஏற்றிப் பாசியை இழுத்தார்கள். மிச்சத்தை மேய, அந்தக் கடலுக்கே உரிய கடல் முள்ளெலிகளைப் பொரித்து வளர்த்து விட்டார்கள். உறிஞ்சியது பாதி வேலை, மேய்ச்சல் மீதி. எங்களிடம் இரண்டும் இல்லை. ஆனால் மிச்சத்துக்கு ஒரு திட்டம் வேண்டும் என்பதை அதிலிருந்து பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் தாளில் ஒரு கட்டம் கூட்டினேன்: 'மீண்டும் பார்த்த நாள்'. மேலே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரே இடத்துக்கு நான்காவது முறை போனால் கிலோ குறைவாகத்தான் வரும். அறிக்கையில் வேலை நடக்காதது போலத் தெரியும். பிடுங்கிய பாசியின் எடையை வைத்து வேலையை அளப்பதே தப்பு என்று நான் வாதாடியதில் பாதிதான் எடுபட்டது. கட்டம் மட்டும் தாளில் நின்றது.

பை விஷயத்தை அக்காவே முடித்துவைத்தார். பழைய கொசுவலையை இரண்டாக மடித்து, வாயில் நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தார். தண்ணீர் வடிய நேரமானது. ஈரத்தோடு தூக்கித் தோள் வலித்தது. தையல் கூலி எவ்வளவு என்று கேட்டேன். "அடுத்த தடவ மொளச்சா வந்து சொல்லுங்க, அப்ப வாங்கிக்கிறேன்" என்றார்.

அதன் பிறகு அந்த இரண்டு இடங்களுக்கும் ஆறு முறை போனேன். ஐந்தாவது முறை ஒன்றில் ஒரு குருத்து இருந்தது. அவரிடம் சொல்லவில்லை.