சித்தியும் குரோஷா ஊசியும்

ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக வழியில்லை, சித்தியிடம் குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவது, கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டேன். 4 மி.மீ. ஊசி, வெளிர் மஞ்சள் நூல். கறுப்பு நூல்தான் எனக்கு ஆசை. கறுப்பில் கண்ணி தெரியாது என்று சித்தி எடுத்து ஒளித்துவிட்டார்.

முதலில் சங்கிலித் தையல். ஊசியில் நூலைச் சுற்றி வளையத்துக்குள் இழுத்தால் ஒரு கண்ணி. ஆனால் இடது ஆள்காட்டி விரலில் நூல் தளர்வாக ஓட வேண்டும். இறுக்கிவிட்டால் அடுத்த வரிசைக்கு ஊசி நுழையவே நுழையாது. "இழுக்காத கண்ணு, நூல் தானா வரும்."

அப்புறம் சிங்கிள், டபுள் என்று இரண்டு வகைத் தையல். டபுளுக்கு ஊசியை நுழைக்கும் முன்பே நூலை ஒரு சுற்று சுற்றிக்கொள்ள வேண்டும். வரிசை திரும்பும்போது சிங்கிளுக்கு 1 சங்கிலி, டபுளுக்கு 3. பின்னல் போகப் போகக் குறுகினால் ஓரத்துக் கண்ணி விட்டுப்போகிறது என்று அர்த்தம். அதனால் எண்ணிக்கொண்டே போட வேண்டும். சீரியல் பார்த்துக்கொண்டே போடுவதெல்லாம் சித்தி லெவல்!

பழைய வீடுகளில் டிவி மேல் வெள்ளை விரிப்பு கிடக்குமே, அதற்கு மெல்லிய எஃகு ஊசியும் முறுக்கிய பருத்தி நூலும் வேண்டுமாம். சேலம் கடைவீதிப் பக்கம் அந்த நூல் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.