சராசரி ஏறும், நடு வீடு ஏறாது

"ஜிடிபி (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பு) வளருதாம், நம்ம வருமானம் ஏன் வளரல?" என்று கேட்பவர்கள் முதலில் சராசரியையும் இடைநிலையையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) பிரித்துப் பாருங்கள். ஐந்து வீடுகள், மாத வருமானம் 10, 20, 30, 40, 100 ஆயிரம். மொத்தம் 200. கடைசி வீடு மட்டும் 150க்குப் போனால் மொத்தம் 250, அதாவது 25 சதவீத வளர்ச்சி! நடு வீடு அதே 30-இல்தான். கணக்கில் பொய்யே இல்லை, அதுதான் வேடிக்கை.

பலர் கவனிக்காத இன்னொன்று: இயந்திரத் தேய்மானமும், நிறுவனங்கள் பிரித்துக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளும் லாபமும் ஜிடிபிக்குள்ளேயே இருக்கும். அவை யார் கைக்கும் சம்பளமாக வராது.

பணவீக்கத்தைக் கழிக்கும் அளவுகோலும் வேறு. ஜிடிபிக்கு மொத்த உற்பத்தியின் விலை, குடும்பத்துக்கு நுகர்வோர் விலைக் குறியீடு. இயந்திரம் மலிந்து வாடகை ஏறினால் இரண்டும் விலகிப்போகும். தலைக்கு வகுக்காத ஜிடிபியோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும்.