இசை ஆசிரியர் படிப்புக்கு உள்ளூர்க் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

எனக்கு வேண்டியிருந்தது இசை ஆசிரியர் பட்டம், மேடைக் கலைஞர் பட்டம் இல்லை. இதை முதலிலேயே பிரித்துப் பார்த்ததால்தான் தேடும் வேலை பாதியாகக் குறைந்தது. இசை படிக்கப்போகிறேன் என்று சொன்னால் போதும், பெரிய பெயருள்ள கல்லூரிக்குப் போ, அங்கே யார் யாரெல்லாம் படித்திருக்கிறார்கள் தெரியுமா என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கோ ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளை ஒரே தாளத்துக்குக் கொண்டுவரத் தெரிய வேண்டும். வீட்டிலிருந்தே போய்வந்தால் விடுதிச் செலவு மிச்சம். அதனால் பக்கத்திலிருந்த கல்லூரிகளை மட்டும் பார்த்தேன்.

எங்கே போனாலும் நான் கேட்ட முதல் கேள்வி, இந்தப் பட்டத்தோடு பள்ளியில் ஆசிரியராகச் சேரும் தகுதி வந்துவிடுமா, இல்லை அதற்கு மேல் தனியாக இன்னொரு படிப்பு வேண்டுமா என்பது. ஓர் இடத்தில் கட்டணம் ரொம்பக் குறைவு, ஆனால் பட்டம் வெறும் இசைப் பட்டம்; ஆசிரியர் தகுதிக்கு மறுபடி படிக்க வேண்டும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் அதுதான் அதிகச் செலவு.

கட்டண விவரத் தாளில் முன்பக்கத்தில் வராத செலவுகள் இந்தப் படிப்பில் நிறைய. தனி வகுப்புக்குத் தனிக் கட்டணம், தேர்வில் கூட வாசிக்கும் பியானோக்காரருக்குப் பணம், கருவி வாடகை, மேடையில் போட உடை. அப்புறம் கடைசிக் கட்டத்தில் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தும் பயிற்சி. அது பெரும்பாலும் முழுநாள் வேலை, சம்பளம் கிடையாது, பகுதிநேர வேலையை நம்பிப் படிக்கிறவர்கள் அந்த மாதங்களுக்கு முன்கூட்டியே பணம் சேர்த்து வைத்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும். குழு இசைக்கு வாரம் முழுக்க ஒத்திகை இருக்கும், கிரெடிட் (பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளி) மட்டும் ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் தருவார்கள். வேலை நேரத்தோடு இது மோதுமா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். இசைக் கோட்பாட்டுப் பாடங்கள் ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று சங்கிலியாக வரும். சின்னக் கல்லூரிகளில் சில பாடங்களை ஆண்டுக்கு ஒருமுறைதான் நடத்துவார்கள். ஒரு செமஸ்டர் விட்டால் ஒரு வருடம் தள்ளிப்போகும், அந்த வருடத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டும். குறிப்பிட்ட காலத்தில் எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள் என்று துறைத் தலைவரிடமே கேட்டேன். தயங்காமல் பதில் சொன்னவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

என் முடிவை உறுதிசெய்தது, நான் தேர்ந்தெடுத்த உள்ளூர்க் கல்லூரியில் பார்த்த ஒரு வகுப்பு. அனுமதி கேட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நன்றாக வயலின் வாசிக்கும் மாணவி ஒருவர் கையில் கிளாரினெட்டைக் கொடுத்திருந்தார்கள். ஊதினால் கீச்சென்று சத்தம் வருகிறது, காற்றுதான் போகிறது. பக்கத்தில் நின்ற ஆசிரியர் திருத்தவே இல்லை. "எங்கே சிரமமா இருக்கு, உதட்டிலா விரலிலா? அதைச் சொல்லு, நாளைக்கு உன்கிட்ட வர்ற பிள்ளைக்கும் அங்கேதான் இருக்கும்" என்றார். கற்பிக்கும் கலையை அதற்கு மேல் எப்படிச் சொல்லித்தருவது! ஜெனீவா இசைப் பள்ளியில் பாடம் நடத்திய டால்குரோஸ், கையில் திறமை இருந்தும் தன் மாணவர்களின் உடம்பில் தாளம் ஊறவில்லை என்று பார்த்துத்தான் நடந்தும் அசைந்தும் இசை கற்கும் முறையை உருவாக்கினார். அந்த முறையையும், முதலில் பாட்டு, பிறகே கருவி என்னும், ஹங்கேரி இசையமைப்பாளர் கொடாயின் முறையையும் இந்தக் கல்லூரியில் புத்தகத்தோடு விடாமல் பிள்ளைகளை வைத்தே பழக்குகிறார்கள். அதுவும் முதல் வருடத்திலிருந்தே பள்ளிக்கு அனுப்புகிறார்கள். பெயர்பெற்ற இடத்தில் மூன்றாம் வருடம்வரை பள்ளிப் பக்கமே போக வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள்; எனக்கு அது பெருமையாகப் படவில்லை.

சேருவதற்கு முன் கட்டணச் சலுகையைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். கல்லூரி உதவித்தொகை தனி, இசைத் துறை தருவது தனி. குழுவில் வயோலாவுக்கோ (வயலினைவிடக் கொஞ்சம் பெரிய தந்திக் கருவி) பஸூனுக்கோ (கீழ்ச்சுரம் தரும் நீளமான ஊதுகருவி) ஆள் இல்லை என்றால் அதை வாசிப்பவருக்குத் துறையே சலுகை தருவதுண்டு, விண்ணப்பத்தில் அதற்கென்று கட்டம் இல்லாவிட்டாலும். சேர்க்கைத் தேர்வு தேதிக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது, பல இடங்களில் அந்தப் பணம் தேர்வு நாளை ஒட்டியே பங்குபோடப்பட்டுவிடும்.