காசாக உருகிய கோயில் மணிகள்

சீனாவின் தாங் பேரரசைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் 845ஆம் ஆண்டில்தான் போய் நிற்கிறது. அவ்வாண்டு பேரரசர் வூசோங்கின் ஆணைப்படி 4,600 பௌத்த மடங்கள் இடிக்கப்பட்டன. 2,60,500 ஆண், பெண் துறவியர் இல்லறத்தாராக்கப்பட்டு வரிப்பதிவேட்டில் சேர்க்கப்பட்டனர். சீனாவிலேயே தோன்றிய தாவோ நெறியில் அவருக்கிருந்த பற்றும், பௌத்தம் அந்நியச் சமயம் என்ற வெறுப்பும் இதற்குக் காரணங்கள்தாம் என்றாலும், வரிக்கணக்கையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த ஆணையைப் புரிந்துகொள்ள முடியாது என்றே நினைக்கிறேன். துறவிக்கு வரியும் இல்லை, கட்டாய உழைப்பும் இல்லை. பெரிய மடங்களிடமோ விளைநிலங்களும் நீர்விசை மாவாலைகளும் எண்ணெய்ச் செக்குகளும் குவிந்திருந்தன. வேடிக்கை என்னவென்றால், 755இல் படைத்தளபதி ஆன் லூஷானின் கலகம் வெடித்துக் கருவூலம் வற்றியபோது, துறவுச் சான்றிதழைக் காசுக்கு விற்றதே அரசுதான்.

செம்புத் தட்டுப்பாட்டால் திணறிய அரசு, கோயில் மணிகளையும் வெண்கலச் சிலைகளையும் உருக்கிக் காசு வார்த்தது. இரும்புச் சிலைகள் உழவுக் கருவிகளாயின. நடுவே சதுரத் துளையிட்ட அந்தக் காசுகளின் பின்புறத்தில், பெரும்பாலும், வார்த்த இடத்தைக் குறிக்கும் ஒற்றை எழுத்து இருக்கும். யாங்சோவில் வார்த்தவற்றிலோ, ஹுய்சாங் என்ற, வூசோங்கின் ஆட்சிக்காலப் பெயரிலுள்ள ‘சாங்’ என்ற எழுத்து நிற்கிறது. மறு ஆண்டே வூசோங் இறந்தார். அடுத்து வந்த சுவான்சோங் மடங்களை மீண்டும் எழுப்ப அனுமதித்தார்.