ஜனவரி பில்லை வைத்து வருஷத்துக்கே தொகை குறிக்கலாமா?

குன்னூரில் வாடகைக்கு இருக்கிறவர்கள் பிப்ரவரி வந்தால் பேசுவது கரண்ட் பில்லைப் பற்றித்தான். டிசம்பர், ஜனவரி ரெண்டு மாதமும் ஹீட்டர் ஓடியிருக்கும், கீசர் காலையும் மாலையும் ஓடியிருக்கும், பில் வந்ததும் வீட்டுக்காரர் "இனிமே கரண்டுக்கு மாசம் இவ்வளவு குடுத்துடுங்க" என்று ஒரு தொகையைச் சொல்வார். அந்தத் தொகை அப்படியே நின்றுவிடும். ஏப்ரலில் வெயில் அடித்து, ஹீட்டர் அட்டைப் பெட்டிக்குள் போய், பில் பாதியாகக் குறைந்த பிறகும் அதே தொகைதான். கேட்டால் "அடுத்த குளிருக்கு ஆகும்ல" என்பார்கள். ஆகும்தான், ஆனால் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

மாதாமாதம் ஒரே தொகை கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, கரண்ட் பில் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, சிலிண்டர் எப்போது தீரும் என்று சொல்ல முடியாது. மூன்றும் ஒரே மாதத்தில் வந்து மோதினால் எந்தக் குடும்பத்துக்கும் கஷ்டம்தான். அதனால் ஒரு நிலையான தொகை நல்லது. ஆனால் அது ஒரு முழு வருஷத்தின் ரீடிங்கிலிருந்து வர வேண்டும், மிச்சம் நின்றால் அது கொடுத்தவரின் பணம். இந்த ரெண்டையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மலையின் கணக்கு கீழே இருப்பவர்களின் கணக்கைப் போல இல்லை. கோயம்புத்தூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் பில் ஏறுவது மே மாதத்தில், ஏசியால். இங்கே மின்விசிறியே இல்லாத வீடுகள் நிறைய, எங்களுக்கு ஏறுவது வெந்நீராலும் ஹீட்டராலும். ஒரு வாளித் தண்ணீர் பதினைந்து லிட்டர் என்று வையுங்கள். ஜனவரி காலையில் குழாயில் வரும் தண்ணீர் 12 டிகிரி இருந்தால், குளிக்கிற சூடான 42 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். கீழே தண்ணீரே 28 டிகிரியில் வருவதால் கால் யூனிட்டில் முடிந்துவிடும். நாலு பேர் தினமும் குளித்தால் இங்கே ரெண்டு மாதத்துக்கு 120 யூனிட் வெந்நீருக்கே போய்விடுகிறது. 2000 வாட் ரூம் ஹீட்டர் இன்னும் மோசம், மணிக்கு ரெண்டு யூனிட். ராத்திரி மூன்று மணி நேரம் போட்டால் ரெண்டு மாதத்தில் 360 யூனிட். குழந்தையோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் அதைப் போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இதில் 500 யூனிட் என்கிற கோடு ஒன்று இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தக் கணக்கும் போட முடியாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016 முதல் அப்படித்தான். 2024 ஜூலையில் ஏறிய கட்டணப்படி, மொத்தம் 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. அதாவது சரியாக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 500ஐத் தாண்டினால் அந்த 2.35 போய், 101லிருந்தே 4.70 ஆகிவிடும், 501 முதல் 600 வரை 8.40. 520 யூனிட் போட்டுப் பாருங்கள், 2,208 ரூபாய் வரும். கடைசி இருபது யூனிட்டுக்கு 403 ரூபாய்!

நாங்கள் இருக்கும் வீட்டில் மூன்று போர்ஷன், இணைப்பு ஒன்றுதான். ஒவ்வொரு போர்ஷனுக்கும் சப் மீட்டர் இருக்கிறது. மோட்டாரும் மாடிப்படி விளக்கும் வீட்டுக்காரர் பக்கத்து இணைப்பில் ஓடுகின்றன, அதனால் அவை இதில் வராது. இந்தக் குளிருக்கு வந்தது அதே 520தான்: கீழே இருக்கும் பாட்டி 70, நடு போர்ஷன் 190, நாங்கள் 260. யூனிட்டுக்கு யூனிட் என்று நேராகப் பிரித்தால் பாட்டிக்கு 297 ரூபாய் வருகிறது.

பாட்டி தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு குண்டு பல்பு, ஒரு டிவி, எப்போதாவது மிக்ஸி. "கண்ணு, நான் ஹீட்டரே போடறதில்லையே, எனக்கு எதுக்கு முந்நூறு ரூவா?" என்று மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று கேட்டார். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. தனி இணைப்பு இருந்திருந்தால் அவர் 70 யூனிட்டுக்கு ஒரு பைசா கட்ட வேண்டாம். நடு போர்ஷனுக்கு 211.50, எங்களுக்கு 517. மூன்றும் சேர்த்து 728.50தான் ஆகியிருக்கும். ஒரே இணைப்பில் சேர்ந்ததால் 2,208. அந்த இடைவெளியைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அதனால் இலவச 100 யூனிட்டை முதலில் மூன்று வீட்டுக்கும் சமமாகக் கழித்தேன், பாட்டிக்கு 34, மற்ற ரெண்டு வீட்டுக்கும் 33. மிச்சம் 420 யூனிட். 2,208ஐ அதால் வகுத்தால் யூனிட்டுக்குச் சுமார் 5.26. பாட்டிக்கு 189, நடு போர்ஷனுக்கு 825, எங்களுக்கு 1,194. இலவச யூனிட் அரசு ஒரு வீட்டுக்கு என்று கொடுப்பது, அதிகம் செலவழிக்கிறவருக்கு அதிகப் பங்கு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. நடு போர்ஷன் அக்காவும் சம்மதித்தார். வீட்டுக்காரர் சார் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் "எனக்கு மொத்தம் வந்தா சரி, நீங்களே எழுதிடுங்க" என்றார். சில வீடுகளில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விலை போட்டு வாங்குகிறார்கள். 70 யூனிட்டுக்கு 700 ரூபாய் கொடுக்கிறவர் தன் வீட்டு வாசலில் இலவச மின்சாரம் இருப்பதையே அறியாமல் கொடுக்கிறார். தயவு செய்து கணக்கைக் கேளுங்கள்.

கேட்பதற்கு முன்னால் ரீடிங் கையில் இருக்க வேண்டும். ஈபிக்காரர் ரீடிங் எடுக்கும் அதே நாளில் மூன்று சப் மீட்டரையும் போட்டோ எடுத்துவிடுங்கள், ஒரு வாரம் தள்ளினால் கணக்கு ஒட்டாது, சண்டைதான் மிஞ்சும். நடுவில் ஒரு மாதம் ஆனதும் இன்னொரு முறை பாருங்கள். மூன்றும் சேர்ந்து 250ஐத் தாண்டியிருந்தால் 500 கோட்டைத் தாண்டப் போகிறீர்கள் என்று அர்த்தம், ஹீட்டரை அரை மணி நேரம் முன்னால் அணைத்தாலே பல சமயம் உள்ளே நின்றுவிடும்.

சரி, கேஸுக்கு வருகிறேன். இதில் பங்கு பிரிக்க ஒன்றும் இல்லை, ஆனால் நாள் கணக்குத் தெரியாமல் மாதத் தொகை வராது. புது சிலிண்டர் மாட்டிய தேதியை அதன் மேலேயே சாக்பீஸால் எழுதிவிடுவேன். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய், 45 நாள் வருகிறது என்றால் நாளுக்கு 20 ரூபாய், வருஷத்துக்கு எட்டு சிலிண்டர். இந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே, ஏறக்குறைய 94இல், கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கும், குக்கர் இல்லாமல் சமைத்தால் கேஸ் தெரிந்தே குறையும்.

அடிக்கடி என்னிடம் கேட்கும் கேள்வி, வெந்நீர் கேஸில் வைப்பதா கரண்டிலா என்பது. அதே ஒரு வாளிக்கு அடுப்பில் சுமார் 70 கிராம் கேஸ் ஆகும், அதாவது நாலரை ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. கரண்டில் 4.70 படியில் இரண்டரையிலிருந்து மூன்று ரூபாய்க்குள், 8.40 படிக்குப் போய்விட்டால் நாலரைக்கு மேல். ஆக 500க்குள் இருக்கும்வரை கீசர் லாபம், தாண்டப் போகிறோம் என்று தெரிந்தால் அந்த பில்லின் கடைசி ரெண்டு வாரமும் அடுப்பில் வைத்துவிடலாம்.

இப்போது மாதத் தொகை. ஆறு கரண்ட் பில்லில் எங்கள் பங்கு 5,400, எட்டு சிலிண்டர் 7,200, மொத்தம் 12,600. பன்னிரண்டால் வகுத்தால் 1,050. சம்பளம் வந்த அன்றே இதை எடுத்து வைத்துவிடுகிறோம். கரண்டுக்கு மட்டும் என்றால் மாதம் 450. இதுவே ஜனவரி பில்லை வைத்துக் குறித்திருந்தால் 597 ஆகியிருக்கும், வருஷத்துக்கு 1,764 ரூபாய் கூடுதலாக யாரிடமோ போய் நின்றிருக்கும். வீட்டுக்காரரிடம் மாதத் தொகையாகக் கொடுக்கிறவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு மூன்றே விஷயம் எழுதினால் போதும்: கொடுத்தது, பில்லில் நம் பங்கு, நிற்கும் மிச்சம். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கட்டண மாற்றம் சமீப வருஷங்களில் ஜூலையை ஒட்டித்தான் வந்திருக்கிறது, அதனால் ஜூலைக்குப் பிந்தைய முதல் பில்லில் தொகையை மறுபடி பார்ப்பது நல்லது.

வீடு காலி பண்ணும்போது சாவி கொடுக்கிற அன்றைக்கே சப் மீட்டர் ரீடிங்கை எடுத்து, நோட்டில் நிற்கும் மிச்சத்தை அட்வான்ஸோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்று எங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறோம், 2,208ஐயும் 728.50ஐயும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.