ஒரு கலருக்கும் அடுத்த கலருக்கும் நடுவுல

ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி, 1/48 ஸ்கேல் (நிஜத்துல 48-ல ஒரு பங்கு) மாடல் ஜெட் ஒண்ணுக்கு அடிவயித்துல லைட் க்ரே அடிச்சு முடிச்சு, காயட்டும்னு விட்டுட்டுத் தூங்கப் போயிட்டேன். காலைல எடுத்து லைட்டுக்கு நேரா திருப்பிப் பாத்தா க்ரேக்குள்ள அங்கங்க பொடிப்பொடியா என்னமோ மின்னுது. தூசியா இருக்கும்னு விரலால தேச்சுப் பாத்தேன், போகல. அப்பதான் உறைச்சுது, க்ரேக்கு முன்னாடி அதே ஏர்பிரஷ்ல (காத்தால பெயிண்ட சாரலா அடிக்குற பேனா மாதிரி கருவி) எக்ஸாஸ்ட் பார்ட்டுக்கு மெட்டாலிக் அடிச்சிருந்தேன். க்ளீன் பண்ணாம விடல, மூணு தடவ பெயிண்ட் ஊத்துற கப்புல தின்னர், அதாவது பெயிண்ட கரைக்குற திரவம், ஊத்தி அடிச்சு விட்டேன், மூணாவது தடவ தெளிவாதான் வந்துச்சு, சரி போதும்னு க்ரேய ஊத்திட்டேன்.

தின்னர் தெளிவா வருதுன்னா அது போற வழி சுத்தமா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். அது தொடாத இடத்துல பழைய பெயிண்ட் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும், அடுத்த கலர் வந்து மெல்லக் கரைச்சு எடுத்துட்டுப் போகும். மேல கப் இருக்குற க்ராவிட்டி ஃபீட் ஏர்பிரஷ்ல இந்த மாதிரி இடம் நாலு இருக்கு. கப்போட அடியில பெயிண்ட் உள்ள இறங்குற ஓட்டையச் சுத்தி, பெயிண்ட் அளவ கூட்டிக் கொறைக்குற ஊசியான நீடில் மேல, பெயிண்ட் வெளிய வர்ற குட்டி முனையான நாசிலோட உள்பக்கம், அப்புறம் யாருமே பாக்காத இடம் ஒண்ணு, முன்னாடி மாட்டுற நீடில் கேப்போட உள்பக்கம். ஸ்ப்ரே பண்ணும்போது துளி துளியா அங்க தெறிச்சு சேந்துக்கிட்டே இருக்கும், தின்னர் ஓடுறப்போ அந்தப் பக்கம் சரியா போறதே இல்ல. எனக்கு மின்னுன பொடி வந்தது அங்கேர்ந்துதான், கேப்பக் கழட்டிக் காட்டன் பட்ஸ் விட்டுச் சுத்தினா பஞ்சு முழுக்க சில்வர்.

மெட்டாலிக் பெயிண்ட்ல இருக்குறது கரையுற சாயம் இல்ல, அலுமினியமோ மைக்காவோ, சின்னச் சின்ன தகடு. தின்னர் அத ஒட்ட வச்சிருக்குற பசையத்தான் கரைக்கும், தகடு அப்படியேதான் இருக்கும், தள்ளி வெளிய அனுப்பினாதான் போகும். அதனால மெட்டாலிக்குக்கு அப்புறம் மட்டும் நான் இப்போ முழுசா கழட்டிடறேன். மத்த கலருக்கெல்லாம் அது தேவையே இல்ல, இத அழுத்திச் சொல்லணும், ஏன்னா ஆரம்பத்துல ஒவ்வொரு கலருக்கும் நாசில் வரைக்கும் கழட்டிக்கிட்டு இருந்தவன் நான். 0.3 மில்லிமீட்டர் நாசில் ஒரு அரிசி மணி சைஸ்கூட இருக்காது, சின்ன ஸ்பேனர் போட்டுத் திருகி மாட்டுற டைப்பா இருந்தா திரும்பத் திரும்பக் கழட்டுறதுல த்ரெட் தேயும், கொஞ்சம் அதிகமா இறுக்கினா விரிஞ்சு போகும். எனக்கு ஒண்ணு அப்படித்தான் போச்சு. விரிஞ்ச நாசில் வழியா காத்து பின்னாடி கப்புக்குள்ள ஏறும், அடிக்கும்போது கப்புல குமிழி வந்துக்கிட்டே இருக்கும், நான் ரெண்டு நாள் பெயிண்ட் ரொம்ப தண்ணியாயிடுச்சுன்னு தப்பா நெனச்சுக் கலவைய மாத்திக்கிட்டு இருந்தேன்.

இப்போ சாதாரணமா கலர் மாத்துறப்போ நான் பண்றது ரெண்டு நிமிஷ வேல. மிச்சம் இருக்குற பெயிண்ட பாட்டில்லயோ டிஷ்யூலயோ கொட்டிட்டு, கப்பு உள்ள டிஷ்யூவால ஒரு தடவ தொடச்சிடுவேன், இத முதல்ல செஞ்சா தின்னர் பாதிதான் செலவாகும். அப்புறம் அந்தப் பெயிண்டோட தின்னர் கொஞ்சம் ஊத்தி, பழைய மெத்துன பிரஷ்ஷால கப்போட அடிப்பக்கத்த நல்லாக் கலக்கி, க்ளீனிங் பாட் (அழுக்குத் தின்னர புடிக்குற மூடி போட்ட ஜாடி) உள்ள அடிச்சு விட்டுடுவேன். ரெண்டாவது தடவ ஊத்தினதும் பேக்ஃப்ளஷ், அதாவது முன்பக்கம் கேப்போட வாயில டிஷ்யூவ மடிச்சு அழுத்திப் புடிச்சுக்கிட்டு ட்ரிகர அமுக்கி லேசா பின்னாடி இழுக்கணும், காத்து வெளிய போக வழி இல்லாம திரும்பி கப்புல குமிழியா கொப்புளிக்கும், நாசில் உள்ள ஒட்டியிருக்குறது அப்பதான் பிச்சுக்கிட்டு மேல வரும். ப்ரெஷர நல்லாக் கொறச்சு வச்சுக்கோங்க, கப்புல கால்வாசிக்கு மேல ஊத்தாதீங்க, இல்லன்னா மூஞ்சில அடிக்கும். தெளிஞ்ச தின்னர் மேல திடீர்னு பழைய கலர் புகை மாதிரி கெளம்பி வர்றதப் பாத்தீங்கன்னா நான் ஏன் இத விடவே மாட்டேங்கிறேன்னு புரியும்.

அதுக்கு அப்புறம்தான் நீடில். பின்னாடி நட்ட லூஸ் பண்ணி நேரா உருவி, தின்னர் நனைச்ச டிஷ்யூவுக்குள்ள வச்சு, பின்னாலேர்ந்து முனைய நோக்கித்தான் உருட்டிக்கிட்டே இழுக்கணும், எதிர்ப்பக்கம் போனா முனை டிஷ்யூல மாட்டி வளையும். ஃப்ளஷ் பண்றதுக்கு முன்னாடியே நீடில உருவாதீங்க, ஈரப் பெயிண்டோட பின்னாடி இழுத்தா அது போற வழியில இருக்குற சீல் மேல பெயிண்ட பூசிட்டுப் போகும், ஒரு மாசத்துல ட்ரிகர் ஒட்ட ஆரம்பிக்கும், எங்கேர்ந்து வருதுன்னே தெரியாது. திரும்ப உள்ள விடும்போது மெதுவா, தானா போய் உக்காந்ததும் நிறுத்திடணும், குத்தக்கூடாது. கடைசியா கேப்பக் கழட்டி உள்பக்கம் ஒரு காட்டன் பட்ஸ், அவ்வளவுதான்.

அடுத்த கலர ஊத்துறப்போ முதல் நாலஞ்சு சொட்ட வெள்ளப் பேப்பர்ல அடிச்சுப் பாத்துட்டு அப்புறம்தான் மாடல் பக்கமே போறேன். செவப்புக்கு அப்புறம் வெள்ள அடிக்கிறவங்களுக்கு இதோட அருமை தெரியும், முதல் ரெண்டு சொட்டு கண்டிப்பா ரோஸ் தட்டும். அதனாலதான் எது வெளிர் கலரோ அதுல ஆரம்பிச்சு அடர் கலருக்குப் போறது, வெள்ள, மஞ்சள், க்ரே, பச்ச, கருப்பு, எல்லாம் முடிஞ்சு மெட்டாலிக். இந்த வரிசைல அடிச்சா நடுவுல ஒரு ஃப்ளஷ் போதும். இந்த ஜெட்டுல நான் தலகீழா போனேன், மெட்டாலிக் பாட்டில் ஏற்கெனவே கையில தொறந்து இருந்துச்சு, அதான் காரணம்.

எந்தத் தின்னர்ங்கிறதுதான் பெரிய விஷயம், இதுல நான் ஒரு நாசில பறிகொடுத்திருக்கேன். தண்ணில கரையுற அக்ரிலிக் அடிச்சிட்டு இருந்தேன், சீக்கிரம் க்ளீன் ஆகும்னு கப்புல மிச்சம் இருக்கும்போதே ஐசோப்ரொபைல் ஆல்கஹால ஊத்திட்டேன். கண்ணு முன்னாடியே திரிஞ்சு சூயிங்கம் மாதிரி ஆயிடுச்சு, அந்தக் கட்டி அப்படியே நாசில் உள்ள போய் அடைச்சுக்கிச்சு. வல்லேஹோ மாதிரி தண்ணி பேஸ் பெயிண்டுக்கெல்லாம் முதல்ல தண்ணி, பெயிண்ட் முழுசா வெளிய போனதுக்கு அப்புறம்தான் க்ளீனர். டாமியா கம்பெனியோட எக்ஸ், எக்ஸ்எஃப் பெயிண்ட் வரிசையும் அக்ரிலிக்னுதான் சொல்றாங்க, ஆனா அது ஆல்கஹால், லாக்கர் பெயிண்டுக்கான காட்டமான தின்னர் ரெண்டுலயும் அழகா கரையும், பேர் ஒண்ணா இருக்குன்னு ரெண்டையும் ஒரே மாதிரி நடத்தக்கூடாது. எனாமல்ங்கிற எண்ணெய் பெயிண்டுக்கு அதோட தின்னர் இல்லன்னா வைட் ஸ்பிரிட். லாக்கர்லேர்ந்து தண்ணி பெயிண்டுக்குப் போறீங்கன்னா லாக்கர் தின்னர், அப்புறம் ஆல்கஹால், அப்புறம் தண்ணின்னு படிப்படியா எறங்கி வாங்க, நடுநடுவுல வெறும் காத்த அடிச்சுக் காய வையுங்க, ஒரு சொட்டு லாக்கர் தின்னர் உள்ள தங்கினாலும் அடுத்த பெயிண்ட் திரியும். அம்மோனியா இருக்குற கண்ணாடி க்ளீனர்ல ஏர்பிரஷ்ஷ ஊறப் போடுறத நான் நிறுத்திட்டேன், அம்மோனியா பித்தளைய அரிக்கும், ஏர்பிரஷ் உடம்பு பெரும்பாலும் பித்தளதான். லாக்கர் தின்னர்லயும் முழுசா முக்கி வைக்காதீங்க, சாதாரண ரப்பர் ஓ ரிங் ஊதிப் போயிடும்.

இது எல்லாத்துக்கும் மேல நேரம். தண்ணி அக்ரிலிக் நாசில் முனைல காய ரொம்ப நேரம் ஆகாது, ஃபோன் வந்துச்சுன்னு எந்திரிச்சுப் போனா திரும்பி வரும்போது ரெண்டு நிமிஷ வேல அரை மணி நேரமாகியிருக்கும். அடுத்த கலர் கலக்கணும்னா முதல்ல கப்புல தின்னர ஊத்தி ஒரு தடவ அடிச்சு விட்டுட்டு அப்புறம் கலக்குங்க. அப்புறம் க்ளீன் பண்ற நேரத்துல மாஸ்க்கக் கழட்டிடாதீங்க, நானும் பெயிண்ட் அடிக்கிறப்போ மட்டும் போட்டுக்கிட்டு இருந்தேன், ஆனா வெறும் தின்னர காத்துல அடிக்கிறது அப்பதான். ஆர்கானிக் வேப்பருக்கான, அதாவது தின்னர் ஆவிய தடுக்குற கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்கா இருக்கணும், துணி மாஸ்க் தூசிக்குத்தான்.

ஜெட்டோட அடிவயித்த நேத்து 2000 க்ரிட் பேப்பர்ல தண்ணி தொட்டு லேசா தேச்சேன், மேல இருந்த பொடி போயிடுச்சு, ரெண்டு பேனல்ல மட்டும் ப்ரைமர், அதாவது அடிப்பூச்சு வரைக்கும் எறங்க வேண்டியதாயிடுச்சு. ஏர்பிரஷ்ஷ முழுசா கழட்டி, பல்லிடுக்குல விடுற குட்டி பிரஷ்ஷால பெயிண்ட் போற குழாய ரெண்டு தடவ தேச்சு மாட்டியிருக்கேன். கருப்புப் பேப்பர்ல க்ரே அடிச்சுக் காயவச்சு டார்ச் அடிச்சுப் பாத்தேன், வெள்ளப் பேப்பர்ல சில்வர் பொடி கண்ணுக்கே தெரியாது. இப்போ மின்னல, சாயங்காலம் திரும்ப அடிக்கப் போறேன்.